ஒரே வாயில் நாலு கறை

வயது 29, ஆண். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி சட்டைப் பிரிவில் நிற்கிறார். சொந்த ஊர் மானூர் வட்டாரத்தில் ஒரு கிராமம். அம்மா, மனைவி, மூன்று வயது மகள் எல்லோரும் அங்கேதான், இவர் தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். கொரோனா முடிந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் கடை மேலாளர் இவரை மட்டும் "நீ போட்டுக்கிட்டே நில்லு" என்று சொல்லியிருக்கிறார். காரணம் பல். அந்த வருத்தத்தில்தான் பல் டாக்டரான என்னிடம் வந்தார். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டேன்.)

உட்கார்ந்ததுமே நோயையும் வைத்தியத்தையும் அவரே சொல்லிவிட்டார். "டீக்கறைதான் மேடம். கடையில நாளைக்கு ஏழெட்டு டீ ஓடும். ஒரே நாள்ல வெள்ளையாக்கி விடுதாவளாமே, அத பண்ணி விட்டிருங்க." போன வருடம் வேறொரு இடத்தில் பல் சுத்தம் செய்திருக்கிறார். பாதிக் கறை போய் பாதி அப்படியே நின்றதால், அங்கே அரைகுறையாக வேலை பார்த்துவிட்டார்கள் என்று ஆளுக்கு நல்ல கோபம். உண்மையில் அங்கே வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். போகக்கூடிய கறை போயிருக்கிறது. மீதி எதனால் நிற்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பல் கறை என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் கறையின் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு நிறத்தைவிடக் கறையின் வயதுதான் முதலில் வேண்டும். எப்போது வந்தது, எந்தப் பல்லில் முதலில் வந்தது, பல் முளைக்கும்போதே இருந்ததா, பிறகு ஏறியதா? இது தெரியாமல் கறையில் கைவைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை, எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் வைத்திருந்தாலும் சரி. இவருடைய வாய் அதற்கு நல்ல உதாரணம். டீக்கறை என்று வந்தவர் வாயில் நாலு விதமான கறை இருந்தது, நாலும் நாலு வயதில் வந்தவை, அதில் ஒன்றுதான் டீக்கும் வெற்றிலைக்கும் சேர்ந்தது.

கேட்டுத் தெரிந்தது

"எப்ப இருந்து இருக்கு தம்பி?" என்றால் முதலில் "கடைக்கு வந்த பெறவுதான்" என்றார். இன்னும் கொஞ்சம் கிளறினால், "பள்ளிக்கூடத்துலயும் லேசா இருந்துச்சு." கூட வந்த அம்மாவிடம் கேட்டதும் கதை வேறாகிவிட்டது. "எங்க ஊர்ப் பிள்ளைய எல்லாத்துக்கும் இப்படித்தாம்மா இருக்கும், தண்ணி அப்படி." ஆளைப் பார்த்து ஊரைக் கேட்டதுமே எனக்குள் இருந்த சந்தேகம்தான் அது. மானூர் வட்டாரத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதல் என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இவருக்கு எட்டு ஒன்பது வயதில் ஸ்டுடியோவில் எடுத்து லேமினேட் பண்ணிய படத்தை அடுத்த முறை கொண்டுவந்தார்கள். சிரித்த வாயில் புதிதாக முளைத்த முன்பற்கள், அதில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டுகள். பழுப்பு இல்லை. இந்தப் படம் எனக்கு எக்ஸ்ரே அளவுக்கு உதவியது, ஏன் என்று கீழே சொல்கிறேன். கறையோடு வருகிறவர்கள் முடிந்தால் சின்ன வயதுப் படம் ஒன்று கொண்டுவாருங்கள்.

இன்னொரு பக்கம், ஏழெட்டு மாதத்துக்கு முன் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்திருக்கிறார். எடுத்த இடத்தில் வாய் கொப்பளிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், குளோர்ஹெக்சிடின். எத்தனை நாளைக்கு என்று சொன்னார்களா, சொல்லி இவர் மறந்தாரா தெரியாது, ஆனால் வாய் மணக்கிறது என்று அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் பாட்டில் பாட்டிலாக வாங்கி அன்று வரை கொப்பளித்துக்கொண்டிருந்தார். இதைத் தானாகச் சொல்லவில்லை. "வேற என்ன மருந்து எடுக்கீங்க" என்றால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும், வாய் கொப்பளிப்பதை நம் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் "வாய் கொப்பளிக்க என்ன வாங்குதீங்க" என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

வெற்றிலை? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஆட்களோடு சேர்ந்து ஒன்று. பாக்கு, சுண்ணாம்பு உண்டு, புகையிலை "எப்பவாவது". எப்பவாவது என்ற சொல்லுக்கு அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு அர்த்தம், இல்லாதபோது ஒரு அர்த்தம். தனியாகக் கேட்டதில் வாரத்தில் பாதி நாள் என்று வந்தது.

அப்புறம் வீட்டு வைத்தியம். அம்மா சொல்லி உமிக்கரி, உப்பு. செல்போன் சொல்லி எலுமிச்சம்பழமும் ஆப்ப சோடாவும். விரலால் அழுத்தித் தேய்ப்பது, முடிந்ததும் கடினமான பிரஷ்ஷால் இன்னொரு முறை. இவ்வளவு உழைப்புக்கும் பலன் ஏன் தலைகீழாக வந்தது என்பது வாயைப் பார்த்ததும் புரிந்தது.

வாய்க்குள் பார்த்தது

முதல் கறை, ஈறு ஓரமாகவும் பல்லுக்குப் பல் இடுக்கிலும் கீழ்முன்பற்களின் உள்பக்கத்திலும் கருஞ்சிவப்பும் பழுப்புமாகப் படிந்து, பல் காரையோடு சேர்ந்து கெட்டியாகியிருந்தது. பிரஷ் எட்டாத இடத்தில் மட்டும் இருந்து, கருவியால் சுரண்டினால் பொடியாக வந்தால் அது வெளிக்கறை, சந்தேகமே வேண்டாம். டீயிலும் பாக்கிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இது. பல் மேல் எப்போதும் எச்சிலிலிருந்து படியும் ஒரு மெல்லிய புரதப் படலம் உண்டு, தேய்த்த சில நிமிடங்களிலேயே மறுபடி வந்துவிடும், டானின் பிடித்துக்கொள்வது அதைத்தான், பல்லை அல்ல. வெற்றிலையில் சுண்ணாம்பு சேரும்போது பாக்கின் துவர்ப்பு சிவப்பாக மாறுவது எல்லோருக்கும் தெரியும், அந்தச் சிவப்புத்தான் நாள்பட நாள்பட கறுப்பாக நிற்கிறது.

இரண்டாவது, முன்பற்களின் முகப்பிலும் பழைய ஃபில்லிங் ஓரங்களிலும் நாக்கின் மேலும் வழவழப்பான ஒரு மஞ்சள் பழுப்பு. நாக்கும் ஃபில்லிங்கும் சேர்ந்து நிறம் மாறியிருந்தால் நான் முதலில் கொப்பளிக்கும் மருந்தைப் பற்றித்தான் கேட்பேன். குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்வதில் கெட்டிக்கார மருந்து, பல் மேலும் ஈறு மேலும் மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம். அப்படி ஒட்டி நிற்கும்போது டீயின் டானினையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, கறை வருவது அதனால். மருந்து எடுக்கும் நாளில் டீயைக் குறைத்தாலே கறையும் குறையும். இவர் இரண்டையும் சேர்த்தே ஓட்டியிருக்கிறார்.

மூன்றாவது, எல்லாப் பல்லிலும் குறுக்காக ஓடிய வெள்ளைக் கோடுகள், சுண்ணாம்புத் திட்டுகள், மேல்முன்பற்களின் நடுவில் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறம் வரை பட்டைகள். இடது பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறதோ வலது பல்லிலும் அதே உயரம். ஒரே காலத்தில் உருவான பற்களில் ஒரே மட்டத்தில் கோடு விழுந்தால் அது பல் உருவாகும்போதே நடந்த விஷயம், தேய்த்துப் போவதல்ல. ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு கூடியதால் பல்லில் வரும் குறை. டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1930-களில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, அதன்படி இவருடையது நடுத்தர வகை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையாலும் இப்படிப் பட்டை விழும், எட்டு வயதுக்குள் சாப்பிட்டாலோ கர்ப்பத்தின் பிற்பாதியில் தாய் சாப்பிட்டாலோ. அம்மாவிடம் கேட்டதில் அப்படி எதுவும் இல்லை, பட்டையின் நிறமும் அந்தச் சாம்பல் சாயல் இல்லை.

நாலாவது, இடது மேல்முன்பல் ஒன்று மட்டும் கருஞ்சாம்பல். ஒற்றைப் பல் தனியாகக் கறுத்தால் அடிபட்ட கதை ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். பள்ளியில் கபடி, எதிராளி முழங்கால். அப்போது இரண்டு நாள் வலித்து நின்றுவிட்டது, இவரும் மறந்துவிட்டார். உள்ளே இரத்தக் குழாய் அறுந்து, கசிந்த இரத்தத்தின் மிச்சம், எனாமல் என்ற மேலோட்டுக்கு அடியில் இருக்கும் டென்டினின் நுண்குழாய்களுக்குள் இறங்கி நிற்பதுதான் அந்த நிறம். குளிர் வைத்துப் பார்த்தேன், உணர்வு இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல். பதினைந்து வருடமாக வலியே இல்லாமல் ஒரு செத்த பல், அடியில் மெல்லச் சீழ் வைத்துக்கொண்டு.

இது போக ஈறோரத்தில் பல்லின் கழுத்தில் ஆப்பு வடிவத்தில் வெட்டு வெட்டாகத் தேய்மானம். உமிக்கரியும் முரட்டுப் பிரஷ்ஷும் செய்த வேலை. நெல் உமியைக் கரித்தால் மிஞ்சுவதில் கணிசமான பகுதி சிலிக்கா. எனாமல் கடினமானதுதான், ஆனால் மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் 5 சுமார், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. செங்கல் பொடிக்கும் இதே கணக்கு. தேய்க்கும்போது வெளிக்கறை போகும், பளபளப்பும் தெரியும், ஆனால் எனாமலும் சேர்ந்து போய் அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் எட்டிப்பார்க்கும், அதைக் கறை என்று நினைத்து மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் சேர்த்தால் நுரைக்கிறதே, அது ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் நுரை, பல்லுக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. சோடா தனியாக அவ்வளவு கெடுதல் இல்லை. எலுமிச்சை தனியாகப் பட்டால் எனாமல் கரையும். எனாமல் கரைய pH (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5 என்ற அளவுக்கு இறங்கினால் போதும், எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கத்தில்.

வெற்றிலை போடுகிறவர் என்பதால் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடிநாக்கு எல்லாம் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைப் படை இல்லை, அவருடைய மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைத்தால் வாய்க்குள் தாராளமாகப் போகிறது, கன்னம் மிருதுவாக இருக்கிறது. கறை எடுக்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று பார்த்தார். புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்கோடு போடும் வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்திருக்கிறது. வெற்றிலைக் கறையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தைப் பார்க்காமல் அனுப்புவது எந்தப் பல் டாக்டருக்கும் அழகில்லை.

பழுப்பு எங்கிருந்து வந்தது

இங்கேதான் அந்த லேமினேட் படம். ஃப்ளோரைடு அதிகமான தண்ணீர் குடித்து வளரும் குழந்தைக்கு, தாடைக்குள் பல் உருவாகும்போதே எனாமலின் தாதுச் சத்து சரியாக இறுகாமல் மேல்தோலுக்கு அடியில் பஞ்சு மாதிரி நுண்துளைகள் நிற்கும். முளைக்கும்போது அது வெறும் சுண்ணாம்பு வெள்ளைதான். அந்தத் துளைகளுக்குள் வருடக்கணக்கில் வெளியிலிருந்து நிறம் இறங்கிப் பிறகுதான் பழுப்பாகிறது, சுடாத மண்பானை எண்ணெயைக் குடிப்பது போல. ஆகவே "கடைக்கு வந்த பெறவுதான் கறை" என்று இவர் சொன்னதும் பொய்யில்லை, "ஊர்த் தண்ணி" என்று அம்மா சொன்னதும் பொய்யில்லை. துளை தண்ணீரால், நிறம் வாழ்க்கையால். எட்டு வயதுக்கு மேல் புதிதாக ஃப்ளோரோசிஸ் முன்பல்லில் வராது, ஆனால் இருக்கிற ஃப்ளோரோசிஸ் எந்த வயதிலும் கறுக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் வைத்தியமும் சுலபமாகப் புரியும். அந்தத் துளைப் பகுதி ஆழமில்லாமல் மேல்மட்டத்தில் இருந்தால் மெல்லச் சீவி எடுக்கலாம். ஆழமாக இருந்தால் நிறத்தை மட்டும் வெளுக்கலாம். வெள்ளைத் திட்டு வெளுப்பதால் மறையாது, சுற்றியிருக்கும் பல் வெளுத்து அதோடு ஒத்துப்போகும், அவ்வளவே.

செய்தது

வரிசைதான் முக்கியம். முதலில் கொப்பளிக்கும் மருந்தை நிறுத்தினோம். அதை எடுக்க வேண்டிய காலம் பொதுவாக ஓரிரு வாரம், அதற்கு மேல் என்றால் டாக்டர் காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும். எடுக்கும் நாட்களில் பல் தேய்த்த உடனே கொப்பளிக்கக் கூடாது, பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தை முறித்துவிடும், அரை மணி நேரமாவது விடுங்கள்.

அடுத்து ஸ்கேலிங், அதாவது கருவியால் பல் சுத்தம் செய்வது. அம்மா முகம் மாறிவிட்டது. "பல்லு ஆடிப்போயிரும்னு சொல்லுதாவளேம்மா." இந்தப் பயம் பாளையங்கோட்டையிலிருந்து பணகுடி வரை எல்லா வீட்டிலும் இருக்கிறது, எத்தனை தடவை சொன்னாலும் போகாது, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்கேலிங் கருவி அதிர்ந்து காரையை உடைக்கிறது, பல்லைச் சீவுவதில்லை. பல வருடக் காரை எலும்பைத் தேய்த்துப் பல்லை ஏற்கெனவே ஆட்டிவிட்டு, அதே காரை முட்டுக்கொடுத்து நிற்கும். எடுத்ததும் ஆட்டமும் இடைவெளியும் தெரியும். பழி ஸ்கேலிங் மேல். இவருக்கு அந்த அளவுக்கு எதுவும் இல்லை, ஈறு வீக்கம் மட்டும்தான், சில நாளில் இறுகிவிட்டது.

ஸ்கேலிங்கும் பாலிஷும் முடிந்து முதல் இரண்டு கறையும் போனது. கண்ணாடியைக் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைப்பீர்கள். "என்ன மேடம், முன்னைக்கு இப்பதான் மோசமா தெரியுது" என்றார். சரிதான். மேல் படலம் போய் பல் வெளுத்ததும் நடுவில் இருந்த காப்பி நிறப் பட்டையும் அந்தச் சாம்பல் பல்லும் பளிச்சென்று தனியாக நின்றன. போன வருடம் வேறு இடத்தில் அவர் கோபப்பட்டுக் கிளம்பிய புள்ளி இதுதான். ஃப்ளோரோசிஸ் உள்ளவருக்கு ஸ்கேலிங்குக்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது என் பழக்கம், இவருக்கும் சொல்லியிருந்தேன், அதனால் வருத்தம் இருந்தாலும் ஆள் ஓடிப்போகவில்லை.

செத்த பல்லுக்கு வேர் சிகிச்சை. அதை முடிக்காமல் அழகு வேலைக்குள் போவதில் அர்த்தமில்லை, வேர் நுனி நிழல் ஒரு நாள் வீங்கும்.

பிறகு பட்டைகள். இதற்கு மைக்ரோஅப்ரேஷன், அதாவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிலிக்கான் கார்பைடு துகளும் கலந்த பசையை, ரப்பர் ஷீட்டால் ஈறையும் உதட்டையும் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மெதுவாகச் சுற்றும் கப்பால் சில நொடிகள் தேய்த்துக் கழுவிப் பார்ப்பது. மறுபடி தேய்ப்பது, கழுவிப் பார்ப்பது. பல்லை ஈரமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும், காய்ந்த பல் எப்போதும் கூடுதல் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். முன்பல்லின் எனாமல் தடிப்பான இடத்திலேயே ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்தான், அதில் நாம் எடுப்பது பத்தில் ஒரு பங்கு, கூடினால் பத்தில் இரண்டு. அதற்குள் நிறம் போகவில்லையா, நிறுத்திவிட வேண்டும். இதைப் பற்றிச் சொன்னபோது உறவினர் ஒருவர் "பாத்ரூம் கழுவுற ஆசிட்டும் அதேதான" என்று கேட்டார். அமிலத்தின் பெயர் ஒன்று, மற்ற எதுவும் ஒன்றில்லை. தயவுசெய்து வேண்டாம். வாய் வெந்துவிடும்.

மைக்ரோஅப்ரேஷனில் தேன் நிறப் பட்டைகள் ஏறக்குறைய போய்விட்டன. காப்பி நிறம் இருந்த இடம் வெளிறி நின்றது. அதற்கு வீட்டில் செய்யும் வெளுப்பு முறையைக் கொடுத்தேன். பல் அளவெடுத்து செய்த மெல்லிய டிரே, அதற்குள் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், பல்லுக்கு ஓர் அரிசி அளவு, இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். 1989-ல் ஆய்வு இதழில் வெளியாகி இன்று வரை தாக்குப்பிடிக்கும் முறை. 10 சதவீதம் என்றாலும் அதிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 3.5 சதவீதம் அளவுதான். "ஒரே நாளில் வெள்ளை" என்பது 35, 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அதுவும் நல்ல முறைதான், ஆனால் கழுத்துத் தேய்மானம் உள்ள பல்லில் வைத்தால் கூச்சம் உயிரை எடுக்கும், ஃப்ளோரோசிஸ் பழுப்பு ஒரே நாளில் கேட்பதும் அபூர்வம். அதனால் முதலில் தேய்மானக் குழிகளை அடைத்துவிட்டு, மெதுவான முறையைத் தேர்ந்தெடுத்தேன். கூச்சம் வந்த நாளில் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போட்டார், பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டும் கொடுத்தேன். ஆரம்பத்தில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்து பயந்து போன் செய்தார். பிறகு சுற்றுப்புறம் வெளுத்து அடங்கிவிட்டது.

இந்தக் காலத்தில் நிறம் ஏறும் எதையும் சாப்பிடக்கூடாது. டீ இல்லை, கருப்பட்டிக் காப்பி இல்லை, புளிக்குழம்பு இல்லை, வெற்றிலை பேச்சே இல்லை. வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தப் பட்டியலைக் கொடுத்தால் அழுவார்கள். நம் ஊரில் மஞ்சள் சேர்க்காத சொதியும் இடியாப்பமும் வெள்ளைத் தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சோறும் இருக்கும்போது என்ன கவலை? அல்வா பற்றிக் கேட்டார். அல்வாவில் கறைபடுகிற சாயம் பெரிதாக இல்லை, ஆனால் அது பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு சொத்தைக்கு வழி பண்ணும், சாப்பிட்டால் கொப்பளித்துவிடுங்கள் என்றேன்.

கடைசியாக அந்தச் சாம்பல் பல். மற்ற பற்கள் எந்த நிறத்தில் நிற்கின்றன என்று தெரிந்த பிறகுதான் இதை அதோடு ஒத்துப்போக வைக்க முடியும், அதனால் கடைசி. வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்குள் வேரின் வாயைச் சிமெண்டால் இறுக்கி மூடிவிட்டு, மேலே சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்து அடைத்து அனுப்புவது, வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவது. பெராக்சைடை அடர்த்தியாக வைத்துச் சூடு காட்டினால் வேகமாக வெளுக்கும்தான், ஆனால் பல் கழுத்தில் வேர் அரிக்கும் ஆபத்து அந்த வழியில் கூடுதல். வெளுத்த பிறகு இரண்டு வாரம் விட்டுத்தான் நிரந்தர ஃபில்லிங், உடனே வைத்தால் பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் அதை ஒட்டவிடாது.

முடிவு எப்படி? பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேடு கார்டில் நாலைந்து படி வெளுத்தது. கோரைப்பற்களில் லேசான தேன் நிறம் இரண்டு இடத்தில் நிற்கிறது, பக்கத்தில் வந்து பார்த்தால் வெள்ளைக் கோடுகள் தெரியும். பல் மேல் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் போட்டால் அதுவும் மறையும் என்று அவருக்கும் தெரியும், கேட்டார். 29 வயதில் நல்ல எனாமலைச் சீவி ஓடு ஒட்டினால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த ஓட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், செலவும் அப்படி. எனாமல் குழி விழுந்து உடைந்து கொட்டும் கடுமையான ஃப்ளோரோசிஸ் என்றால் நானே சொல்லியிருப்பேன். இவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து, இரண்டு நாள் யோசித்து அவரும் விட்டுவிட்டார்.

திரும்ப வராமல் இருக்க

டீயை விடச் சொல்லவில்லை, சொன்னால் கேட்கப்போவதுமில்லை. கடைக்காரர்கள் கொண்டுவரும் வரட்டீயைப் பால் டீயாக்கினார், பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் கறை குறையும். அரை மணி நேரம் கிளாஸைக் கையில் வைத்து உறிஞ்சாமல் குடித்து முடித்து வாயில் தண்ணீர் சுழற்றித் துப்புவது. மென்மையான பிரஷ். உமிக்கரி அடுப்படியோடு நின்றது. வேப்பங்குச்சி பற்றி அம்மா கேட்டார், பதமாக மென்று பஞ்சாக்கி மெதுவாகத் தேய்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பேஸ்ட்டுக்குப் பதிலாக வேண்டாம். "தண்ணியிலயே ஃப்ளோரைடு இருக்கும்போது பேஸ்ட்லயும் எதுக்கு" என்பது நல்ல கேள்வி, அதையும் அவர்தான் கேட்டார். பெரியவர்களுக்குப் பல் உருவாகி முடிந்துவிட்டது, துப்பிவிடும் பேஸ்ட்டால் ஃப்ளோரோசிஸ் வராது, சொத்தையைத் தடுக்கும். துப்பத் தெரியாத குழந்தைக்குத்தான் அளவு பார்க்க வேண்டும், மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு.

வெற்றிலை, புகையிலை இரண்டையும் விட்டிருக்கிறார். புகையிலையை முழுதாக விட்டாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஒவ்வொரு முறை வரும்போதும் கன்னத்தைத் துடைத்துப் பார்க்கிறேன்.

பேச்சு வாக்கில் அவர் மனைவி மகளைக் காட்டினார். பால்பற்களில் ஈறோரம் கறுப்புக் கோடு. பயந்து இரும்புச்சத்து சிரப்பை நிறுத்திவிட்டார்களாம். கறையைவிட அந்த நிறுத்தம்தான் எனக்குக் கவலை தந்தது. சிரப்பின் இரும்பு பல் மேல் கறுப்பாகப் படிவது வெளிக்கறைதான், பாலிஷ் பண்ணினால் போய்விடும், இரத்தச்சோகை அப்படிப் போகாது. டிராப்பரால் நாக்கின் பின்பக்கமாக விட்டு உடனே தண்ணீர் கொடுத்துப் பல்லைத் துடைத்தால் கறையும் குறையும். டீயோடும் பாலோடும் கொடுக்க வேண்டாம், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. குழந்தை டாக்டரிடம் பேசி மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்தக் குழந்தையின் நிரந்தர முன்பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது. அப்பாவுக்கு நடந்தது இவளுக்கும் நடக்க வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் வீட்டுப் போர்வெல் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. இவர்கள் வீட்டில் 1.5-ஐத் தாண்டியிருந்தது. ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது, ஒன்று விட்டு ஒரு நாள், அதைக் குடிக்க மட்டும் பிடித்துவிட்டுச் சோற்றுக்கும் பருப்புக்கும் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேகும் அரிசி அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தானே குடிக்கிறது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்திருந்தார். கொதித்தால் தண்ணீர் வற்றி ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் பிடிக்காது, ஆர்.ஓ. பிடிக்கும், மழைநீரில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இப்போது ஆற்றுத் தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக் குழந்தைக்குச் சமைப்பதற்கும் அதுவே, போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்.

அங்கன்வாடியில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். போர் தண்ணீர்தானாம். ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் ஓர் இணைப்பு கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார், கூட இன்னும் சில வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. அதுவரை குழந்தைக்குக் குடிக்க வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் போகிறது.